இடப்பாகமும் சொத்துப்பாகமும்: அண்ணாமலை மண்ணில் பெண் வரலாறு

தமிழில் 'பாகம்' என்னும் சொல்லுக்கு இரண்டு இருப்பிடங்கள் உண்டு. கோயிலில் அது உமையம்மை பெற்ற இடப்பாகம். பத்திரப் பதிவு அலுவலகத்தில் அது உடன்பிறந்தாரிடையே நிகழும் பாகப்பிரிவினை. முன்னதைப் பாடிப் பரவியவர்கள் நம் புலவர்கள். பின்னதைப் பற்றிப் புலவர்கள் மிகுதியாகப் பேசவில்லை. பேசியவர்கள் வழக்கறிஞர்களும் சட்டமன்ற உறுப்பினர்களும், அவர்களுக்கு முன்பே ஒப்பாரி பாடிய நம் பாட்டிமார்களும் ஆவர். இவ்விரு பாகங்களையும் அருகருகே வைத்து நோக்கினால் திருவண்ணாமலையின் பெண் வரலாறும், அதன் வழியே தமிழகப் பெண்களின் வரலாறும் சற்றுத் தெளிவாகப் புலப்படும் என்பது என் எண்ணம். நம் இலக்கிய வட்டத்தின் பத்தாண்டு நிறைவு மலரில் அவ்வெண்ணத்தை வட்டத்தின் கவிஞர்கள், அன்பர்கள் முன் வைக்க விழைகின்றேன்.

வரலாறு என்றால் அரசர் பெயரும் போர் நிகழ்ந்த ஆண்டும் என்றே பள்ளியில் பயின்றோம். அக்கணக்கில் பெண் இடம்பெறுவது அரிது. ஆனால் 'கொடுத்தவர் யார், பெற்றவர் யார், யாரைக் கேட்டுக் கொடுத்தார்கள்' என்று வினவத் தொடங்கினால் பெண்கள் எல்லாப் பக்கங்களிலும் தென்படத் தொடங்குகிறார்கள். இக்கட்டுரை அந்த மூன்று வினாக்களையே கைவிளக்காகக் கொண்டு செல்கிறது.

தவத்தால் கிடைத்த பாகம்

சைவ எல்லப்ப நாவலரின் அருணாசல புராணம் கூறும் கதையை நம் ஊர்ச் சிறுவரும் அறிவர். உமையம்மை விளையாட்டாக இறைவனின் கண்களைப் பொத்தினாள், உலகங்கள் இருண்டன. அப்பிழை தீரக் காஞ்சியில் தவம் செய்தாள். பின்பு அண்ணாமலைக்கு வந்து கௌதம முனிவர் வழிகாட்டத் தவத்தைத் தொடர்ந்தாள். கார்த்திகைத் திருநாளில் இறைவன் தன் இடப்பாகத்தை அவளுக்கு அளித்தான். அவள் தவம் செய்த இடமெனப் பவழக்குன்றை இன்றும் சுட்டுகிறார்கள்.

இக்கதையை ஆண்டுதோறும் நாம் கண்ணால் காண்கிறோம். 2668 அடி உயர மலையின் உச்சியில் மகா தீபம் ஏற்றப்படும் மாலையில் அர்த்தநாரீசுவரர் சன்னிதியிலிருந்து வெளிவந்து, சில நிமிடங்களே காட்சி தந்து, மீண்டும் உள்ளே எழுந்தருளுகிறார். அந்தச் சில நிமிடங்களுக்காகப் பல இலட்சம் மக்கள் காத்து நிற்கிறார்கள்.

பக்தியின் கண்கொண்டு பார்த்தால் இதைவிட உயர்ந்த சமத்துவக் காட்சி வேறில்லை. ஆணும் பெண்ணும் ஓருடலில் சரிபாதி என்று கல்லிலும் செம்பிலும் வடித்து வைத்த சமயம் நம்முடையது. ஆயினும் வரலாற்று மாணவியின் கண்ணில் படுவது வேறொன்று. உமை பெற்ற பாகம் பிறப்பால் வந்ததன்று. பிழைக்குக் கழுவாயாகத் தவம் கிடந்து பெற்றது. இதற்கு நேர்மாறாக, இந்தக் கதையைக் கேட்டு வளர்ந்த குடும்பங்களில் மகனுக்குரிய பாகம் அவன் பிறந்த அன்றே வந்துவிட்டது. ஏறத்தாழக் கி.பி. 1100-இல் கல்யாணிச் சாளுக்கியர் அவையில் விஞ்ஞானேசுவரர் எழுதிய மிதாட்சரம் என்னும் உரைநூல், பரம்பரைச் சொத்தில் மகனுக்குப் பிறப்பாலேயே உரிமை உண்டு என்று நிறுவியது. நம் பகுதியின் இந்துக் குடும்பச் சொத்துரிமை அந்நூலின் வழியிலேயே நடந்தது. மகன் பிறந்தான், பெற்றான். மகள் தவம் இருந்தாலும் பெறவில்லை. இடப்பாகம் கோயிலுக்குள் இருந்தது. சொத்துப்பாகம் வீட்டுக்குள் நுழையவில்லை.

கொடுக்கப்பட்டவள்

நம் ஊர் வரலாற்றில் மறக்கவொண்ணாத மன்னன் போசள மரபைச் சேர்ந்த மூன்றாம் வல்லாளன். பதினான்காம் நூற்றாண்டின் முற்பகுதியில் திருவண்ணாமலையைத் தன் தலைநகராகக் கொண்டு ஆண்டவன். 1342-43-ஆம் ஆண்டளவில் மதுரைச் சுல்தானோடு நிகழ்ந்த போரில் மாண்டவன். கோயிலின் உள்கோபுரம் ஒன்று அவன் பெயரால் வழங்குகிறது.

அவனைப் பற்றிப் புராணம் கூறும் கதையில் இரண்டு அரசியர் வருகிறார்கள்: மல்லமாதேவி, சல்லமாதேவி. அடியார் வேடத்தில் வந்த இறைவன் தனக்கு ஒரு பெண் வேண்டும் என்று கேட்க, நகரில் வேறு பெண் கிடைக்காமற்போக, சொன்ன சொல் தவறாத மன்னன் இளையராணி சல்லமாதேவியையே அனுப்பினான். அரசி அணுகியபோது அடியார் குழந்தையாகி மறைந்தார். பிள்ளையில்லா மன்னனுக்குத் தானே பிள்ளையாக இருந்து இறுதிக்கடன் செய்வதாக இறைவன் அருளினான். அவ்வாக்கின்படி ஆண்டுதோறும் மாசி மாதத்தில் அண்ணாமலையார் பள்ளிகொண்டாப்பட்டுக்கு எழுந்தருளி வல்லாளனுக்குத் திதி கொடுக்கும் நிகழ்ச்சி இன்றும் நடைபெறுகிறது.

இதே அச்சில் வார்த்த கதை பெரியபுராணத்து இயற்பகை நாயனாருடையது. இரண்டிலும் கொடையின் பெருமை கொடுத்தவனுக்கே சேர்கிறது. சல்லமாதேவி இசைந்தாள் என்று கதை சொல்லலாம். ஆனால் மறுக்கும் வழி ஒன்று அவளுக்கு இருந்ததா என்ற கேள்வியைக் கதை கேட்பதில்லை. மன்னனுக்கு ஆண்டுதோறும் திதி உண்டு. அரசிக்கு என்ன உண்டு? பழமையை இழித்துரைப்பதற்காக இவ்வினாவை நான் எழுப்பவில்லை. ஒரு பொருளைக் கொடுக்கலாம், ஒருவர் பாகத்தைக் கொடுக்கலாம். ஒருவரையே கொடுக்க வேண்டுமானால் அவர் முதலில் உடைமையாகக் கருதப்பட்டிருக்க வேண்டும். உடைமையாக இருப்பவருக்கு உடைமை இருத்தல் இயலாது. பெண்ணின் சொத்துரிமை வரலாறு இந்த இடத்தில்தான் தொடங்குகிறது.

கொடுத்தவர்கள்

புராணத்தை விட்டுக் கல்வெட்டுக்கு வந்தால் காட்சி மாறுகிறது. திருவண்ணாமலைக் கோயிற் கல்வெட்டுகளைப் பி.ஆர். சீனிவாசன் பதிப்பிக்கப் புதுச்சேரி பிரெஞ்சு நிறுவனம் 1990-ஐ ஒட்டி வெளியிட்டது. அவற்றையும் சோழர் காலத்துப் பிற கோயிற் கல்வெட்டுகளையும் புரட்டுவோர் ஓர் உண்மையை உணர்வர்: கல் எழுத்து கொடை எழுத்து. கொடுத்தவர் பெயர் கல்லில் ஏறும். கொடுக்கப் பொருள் இல்லாதவர் பெயர் ஏறாது. ஆகவே கல்லில் ஒரு பெண்ணின் பெயர் காணப்பட்டால் அவளிடம் கொடுப்பதற்கு ஏதோ ஒன்று இருந்தது என்பது பொருள்.

அப்படிக் கொடுத்த பெண்கள் பலர். கண்டராதித்தரின் தேவியான செம்பியன் மாதேவி பத்தாம் நூற்றாண்டில் செங்கற்றளிகள் பலவற்றைக் கற்றளிகளாக மாற்றினார். கோனேரிராசபுரம் எனப்படும் திருநல்லத்தில் அவர் எடுப்பித்த கோயிலைத் தம் கணவர் பெயராலேயே எடுப்பித்தார் என்பது நோக்கத்தக்கது. பொருள் அவருடையது, முயற்சி அவருடையது, பெயர் கணவருடையது. தஞ்சைப் பெரிய கோயிலிலோ முதலாம் இராசராசன் தான் கொடுத்தவற்றோடு தன் தமக்கையார் குந்தவையார் கொடுத்தவற்றையும் தன் தேவியர் கொடுத்தவற்றையும் கல்லில் வெட்டுமாறு ஆணையிட்டான். ஆணைத் தொடரில் மன்னனை அடுத்துத் தமக்கையின் கொடை நிற்கிறது.

அரசியரை விட்டு எளியவரிடம் வருவோம். அதே கோயிலில் 1014-ஆம் ஆண்டை ஒட்டிய கல்வெட்டு, பல ஊர்க் கோயில்களிலிருந்து தஞ்சைக்குக் கொண்டுவரப்பட்ட 400 தளிச்சேரிப் பெண்டுகளைப் பெயர் பெயராகப் பட்டியலிடுகிறது. எந்தத் தெருவில், எத்தனையாவது வீடு, எந்த ஊர்த் தளியிலிருந்து வந்தவள் என்பதெல்லாம் அதில் உண்டு. ஒவ்வொருத்திக்கும் ஒரு பங்கு. பங்குக்கு ஆண்டொன்றுக்கு 100 கலம் நெல். ஒருத்தி இறந்தாலோ ஊரை விட்டுப் போனாலோ அவளுக்கு அடுத்த உறவு அப்பங்கைப் பெற்றுப் பணி செய்ய வேண்டும் என்ற ஏற்பாடும் சொல்லப்பட்டுள்ளது. ஆயிரம் ஆண்டுகளுக்கு முன் தன் பெயரில் வீடும் பங்கும் உடைய 400 பெண்களின் பெயர்கள் ஒரே இடத்தில் கிடைப்பது உலக வரலாற்றிலேயே அரிய செய்தி. அவர்கள் விரும்பி வந்தார்களா, அழைத்துவரப்பட்டார்களா என்பதைக் கல் சொல்லவில்லை. அதனால் அதைப் பொற்காலம் என்று கொண்டாடிவிடவும் கூடாது.

சோழர் காலக் கோயிற் பெண்களை ஆராய்ந்து 2000-ஆம் ஆண்டில் நூல் வெளியிட்ட லெஸ்லி ஓர், அக்காலத் தேவரடியார் பலர் ஆடலும் பாடலும் செய்தவர்களாக அறியப்படுவதைவிடக் கோயிலுக்குக் கொடை அளித்தவர்களாகவே கல்வெட்டுகளில் மிகுதியாகக் காணப்படுகிறார்கள் என்று காட்டினார். தாம் ஈட்டிய பொருளைக் கொடுத்துக் கோயிலில் ஓர் இடத்தையும் மதிப்பையும் அவர்கள் பெற்றார்கள். பிற்காலத்தில் இழிசொல்லாகிப்போன ஒரு பெயரின் தொடக்கத்தில் கொடையாளரான பெண்கள் நிற்கிறார்கள் என்பதை இலக்கியம் கற்போர் மனத்திற் கொள்ள வேண்டும்.

கோபுரம் எழுப்பியவர்

கொடுக்கப் பொருளே இல்லாத ஒரு பெண் என்ன செய்வாள்? இவ்வினாவுக்கு விடையாக நம் ஊரின் வடக்கு வாயிலில் 171 அடி உயரத்தில் ஒரு கோபுரம் நிற்கிறது.

கிழக்கே 217 அடி உயர இராசகோபுரம் கிருஷ்ணதேவராயர் தொடங்கித் தஞ்சை நாயக்கர் செவ்வப்பர் முடித்தது. அதற்குப் பின்னால் பேரரசின் கருவூலம் இருந்தது. வடக்குக் கோபுரமோ நெடுங்காலம் முற்றுப்பெறாமல் நின்றது. அதனை முடித்தவர் அம்மணி அம்மாள் என்னும் துறவுப் பெண். செங்கத்தை அடுத்த சென்னசமுத்திரத்தில் பிறந்தவர் என்றும், உறவினர் ஏற்பாடு செய்த திருமணத்தை மறுத்து வெளியேறி அண்ணாமலை வந்தவர் என்றும், வீடு வீடாகச் சென்று பொருள் திரட்டிக் கோபுரத்தை முடித்தார் என்றும் மரபு கூறுகிறது. மைசூர் அரண்மனை வரை சென்று பொருள் பெற்றார் என்பதும் அம்மரபில் உண்டு. பொருள் தீர்ந்தபோது வேலையாட்களுக்குத் திருநீற்றை அள்ளிக் கொடுத்தார். அது அவரவர் உழைப்புக்கேற்ற கூலியாக மாறியது என்பது புகழ்பெற்ற கதை. கிரிவலப் பாதையில் ஈசானிய லிங்கத்துக்கு எதிரே அவருடைய சமாதி உள்ளது.

அற்புதக் கதைகளை ஆராய்ச்சியாளர் ஒதுக்கிவிடுவது வழக்கம். நான் அவ்வாறு ஒதுக்க விரும்பவில்லை. கதைக்குள் இருக்கும் செய்தியைத் தேட வேண்டும். திருநீறு கூலியாக மாறிய கதையில் எஞ்சும் செய்தி என்ன? கூலி தவறாமல் கொடுக்கப்பட்டது. அவரவர் வேலைக்கேற்ப அளந்து கொடுக்கப்பட்டது. கையிருப்பு இல்லாத நாளிலும் வேலை நிற்கவில்லை. கணவனோ நிலமோ பதவியோ இல்லாத ஒரு பெண், தச்சரையும் கொத்தரையும் சுதைவேலை செய்வோரையும் ஆண்டுக்கணக்கில் வேலை வாங்கி, கணக்கு வைத்து, கூலி கொடுத்து, மாபெரும் கட்டடம் ஒன்றை முடித்தார் என்பதை நம் முன்னோரால் நம்ப இயலவில்லை. ஆகவே அற்புதம் தேவைப்பட்டது. ஆண் கட்டினால் அது நிருவாகத் திறன். பெண் கட்டினால் அது தெய்வச் செயல்.

பெயரையும் கவனிக்க வேண்டும். 'அம்மணி' என்பது பெண்ணை அன்போடு விளிக்கும் பொதுச்சொல். அம்மணி அம்மாள் கட்டிய கோபுரத்தை மக்கள் 'அம்மணி அம்மன் கோபுரம்' என்கிறார்கள். அம்மாள் அம்மன் ஆனார். இது மக்கள் தந்த உயர்ந்த மதிப்பு என்பதில் ஐயமில்லை. அதே வேளையில், தெய்வமாக்குவதும் வரலாற்றிலிருந்து நீக்குவதற்கு ஒரு வழிதான். தெய்வத்திடம் யாரும் வரவுசெலவுக் கணக்குக் கேட்பதில்லை. ஆகையால் அவர் வைத்திருந்திருக்கக்கூடிய கணக்கும் நமக்குக் கிடைக்கவில்லை. ஆயினும் வெளிக்கோபுரங்களில் மனிதப் பெண்ணொருத்தியின் பெயர் தாங்கியது இது ஒன்றே. செம்பியன் மாதேவி தம் பொருளால் எடுப்பித்த கோயில் கணவர் பெயரைத் தாங்கியது. ஊரார் காசால் அம்மணி அம்மாள் எழுப்பிய கோபுரம் அவர் பெயரைத் தாங்குகிறது. பெயரை இட்டவர்கள் அந்தக் காசைக் கொடுத்த மக்கள்.

மானிய நிலமும் மாறிய காலமும்

கோயிலோடு பிணைந்த பெண்களின் நிலை பிற்காலத்தில் எவ்வாறு சீரழிந்தது என்பதை விரிக்க வேண்டியதில்லை. அதை எதிர்த்து எழுந்தவர்களுள் இருவரை இங்கு நினைக்க வேண்டும். ஒருவர் 1927-இல் சென்னை சட்ட மேலவைக்குள் நுழைந்த முதற் பெண் உறுப்பினர் டாக்டர் முத்துலட்சுமி ரெட்டி (1886-1968). மற்றவர் மூவலூர் இராமாமிர்தம் அம்மையார் (1883-1962). 1936-இல் 'தாசிகள் மோசவலை அல்லது மதிபெற்ற மைனர்' என்னும் புதினத்தின் மூலம் தாம் கண்ட உலகத்தைத் தாமே எழுதியவர்.

1947-ஆம் ஆண்டின் தேவதாசி ஒழிப்புச் சட்டத்தை அனைவரும் அறிவோம். அதற்கு 18 ஆண்டுகளுக்கு முன் 1929-இல் முத்துலட்சுமி அம்மையார் கொண்டுவந்த சட்டத் திருத்தத்தை அவ்வளவாக நினைப்பதில்லை. கோயில் ஊழியத்தை நிபந்தனையாகக் கொண்டு பெண்கள் அனுபவித்து வந்த மானிய நிலத்தை, ஊழியத்திலிருந்து விடுவித்து அவர்களுக்கே உரிமையாக்க வழிசெய்தது அத்திருத்தம். விடுதலைக்கு அறிவுரை மட்டும் போதாது, காலூன்ற நிலம் வேண்டும் என்பதை அம்மையார் உணர்ந்திருந்தார்.

இங்கே ஒரு முரணையும் மறைக்காமல் சொல்ல வேண்டும். அக்குலத்தில் தாயின் சொத்து மகளுக்குச் செல்லும் வழக்கம் இருந்தது. மகள் இல்லாதவர் மகளைத் தத்தெடுத்தனர். மதிப்பான குடும்பப் பெண்களுக்கு இல்லாத சொத்துரிமை, மதிப்பு மறுக்கப்பட்ட பெண்களிடம் இருந்தது. கொடுமையை ஒழித்தது முற்றிலும் நியாயம். ஆனால் இழிவு நீங்கியபோது மகளுக்குச் சொத்து என்னும் மரபும் பேச்சற்று மறைந்தது. மதிப்பும் சொத்தும் ஒருங்கே பெண்ணுக்குக் கிடைக்க மேலும் பல ஆண்டுகள் ஆயின. கோயிற் பணி பெண்ணுக்கு மதிப்புடைய பணியாக மீண்டதற்கும் அவ்வாறே காலம் பிடித்தது. 2023-இல்தான் அரசின் பயிற்சிப் பள்ளியில் பயின்ற மூன்று பெண்கள் அர்ச்சகர் பயிற்சிச் சான்று பெற்றனர்.

அறுபது ஆண்டுப் பயணம்

1929 பிப்ரவரியில் செங்கற்பட்டில் கூடிய முதலாவது சுயமரியாதை மாகாண மாநாடு, பெண்களுக்கு ஆண்களோடு சமமான சொத்துரிமை வேண்டும் என்று தீர்மானம் நிறைவேற்றியது. அந்நாளில் அது பலருக்கு நகைப்புக்குரியதாகத் தோன்றியிருக்கும். 1937-இல் வந்த சட்டம் கைம்பெண்ணுக்குக் கணவன் சொத்தில் ஆயுட்கால அனுபவ உரிமையை மட்டும் அளித்தது. 1956-இன் இந்து வாரிசுரிமைச் சட்டம் பெண்ணைத் தன் சொத்துக்கு முழு உரிமையாளர் ஆக்கியது. தந்தையின் தனிப்பங்கில் மகளுக்கும் இடம் அளித்தது. எனினும் கூட்டுக் குடும்பப் பரம்பரைச் சொத்தில் பிறப்புரிமை மகனுக்கே என்ற மிதாட்சர விதியை அது தொடவில்லை.

அந்த விதி ஆந்திரத்தில் 1985-86-இல் மாற்றப்பட்டது. தமிழ்நாட்டில் 1989 மார்ச் 25 முதல் நடைமுறைக்கு வந்த திருத்தம் மகளையும் பிறப்பால் பங்குரிமை உடையவள் ஆக்கியது. செங்கற்பட்டுத் தீர்மானத்திற்கும் இச்சட்டத்திற்கும் இடையே சரியாக 60 ஆண்டுகள். அச்சட்டத்திலும் ஒரு கோடு கிழிக்கப்பட்டிருந்தது: அந்நாளுக்கு முன் மணமான மகளுக்கு அது பொருந்தாது. ஒரே வயிற்றில் பிறந்த அக்காளுக்கு இல்லை, தங்கைக்கு உண்டு என்னும் நிலை பல வீடுகளில் உண்டாயிற்று. 2005 செப்டம்பர் 9-இல் வந்த மத்தியச் சட்டத் திருத்தம் மணமானவள், ஆகாதவள் என்னும் வேறுபாட்டை நீக்கியது. 2020 ஆகஸ்ட் 11-இல் உச்ச நீதிமன்றம், மகளின் உரிமை பிறப்பால் வருவது, 2005-இல் தந்தை உயிரோடு இருந்தாரா என்பது பொருட்டன்று என்று தெளிவாக்கியது.

ஏறத்தாழ 900 ஆண்டுகளுக்கு முன் மகனுக்கு மட்டும் எழுதப்பட்ட 'பிறப்பால்' என்னும் ஒரு சொல் இவ்வாறு மகளுக்கும் உரியதாயிற்று. உமையம்மை தவத்தால் பெற்றதை நம் பெண் குழந்தை பிறப்பால் பெறுகிறாள். இது சட்டத்தின் சொல்மாற்றம் மட்டுமன்று. ஒரு நாகரிகத்தின் சொல்மாற்றம்.

பிற தமிழர் வழக்கையும் ஒப்புநோக்கலாம். 1707-இல் ஒல்லாந்தர் ஆட்சியில் தொகுக்கப்பட்ட யாழ்ப்பாணத்துத் தேசவழமை, சொத்தை முதுசம், சீதனம், தேடியதேட்டம் என மூன்றாகப் பகுத்தது. தாய்வழிச் சீதனம் மகள்களுக்கு என்பது அதன் பழைய நெறி. பெண்ணுக்குச் சொத்து இருந்தது. ஆனால் தன் நிலத்தை விற்க மனைவிக்குக் கணவனின் எழுத்துமூல இசைவு வேண்டும். இங்கிலாந்திலும் மணமான பெண் தன் பெயரில் முழுமையாகச் சொத்து வைத்துக்கொள்ள 1882-ஆம் ஆண்டுச் சட்டம் வரை காத்திருக்க வேண்டியிருந்தது. ஆகவே இது ஒரு சமயத்தின் குறையோ ஒரு நாட்டின் குறையோ மட்டும் அன்று.

தாலாட்டும் ஒப்பாரியும் இடையே ஒரு கையெழுத்தும்

சட்டம் வந்துவிட்டது, வாழ்க்கை மாறிவிட்டதா? நம் மாவட்டத்தின் எந்தப் பதிவு அலுவலக வாசலில் நின்றாலும் விடை கிடைக்கும். தந்தை மறைந்தபின் சகோதரிகள் வருகிறார்கள். 'விடுதலைப் பத்திரம்' என்னும் தாளில் கையெழுத்திடுகிறார்கள். தம் பாகத்தை உடன்பிறந்தானுக்கு விட்டுக்கொடுத்துத் திரும்புகிறார்கள். பலருக்குத் தம் பாகம் எவ்வளவு என்பதும் தெரியாது. கேட்டால், 'பங்கு கேட்டால் பிறந்த வீட்டு வாசல் அடைபட்டுப் போகும்' என்பார்கள். கார்த்திகை மாலையில் சில நிமிடமே தோன்றி உள்ளே சென்றுவிடும் அர்த்தநாரீசுவரர் திருவுருவம்போல, அவர்களுடைய பாகமும் அந்தத் தாளில் கையெழுத்திடும் சில நிமிடங்களே வெளியே தெரிகிறது.

இதன் வேரை அறிய வேண்டுமானால் சட்டநூலைவிட நாட்டார் பாடலே சிறந்த ஆவணம். தாலாட்டில் தாய் எதைப் பாடுகிறாள்? மாமன் கொண்டுவரும் சீரைப் பாடுகிறாள். ஒப்பாரியில் மகள் எதைப் பாடுகிறாள்? பெற்றோர் மறைந்தபின் பிறந்த வீடு அயல்வீடாகிப் போனதைப் பாடுகிறாள். தொட்டிலில் புகழப்பட்ட சீர், விட்டுக்கொடுத்த பாகத்திற்கு ஈடாக வந்தது. அந்த ஈடு எவ்வளவு நொய்மையானது என்பதை ஒப்பாரி அறிவிக்கிறது. சீர் என்பது கொடுப்பவர் மனத்தைப் பொறுத்தது. பாகம் என்பது பெறுபவர் உரிமையைப் பொறுத்தது.

நல்லதங்காள் கதையை இவ்வெளிச்சத்தில் மீண்டும் எண்ணிப் பாருங்கள். பஞ்சத்தில் ஏழு பிள்ளைகளோடு தமையன் வீடு தேடி வந்தவள், அண்ணி மூளியலங்காரி கதவடைத்ததால் பிள்ளைகளைக் கிணற்றில் எறிந்து தானும் மாய்ந்தாள். தலைமுறை தலைமுறையாக நாம் மூளியலங்காரியைத் தூற்றி வருகிறோம். ஆனால் அந்தக் களஞ்சியத்தில் நல்லதங்காளுக்கும் உரிமை இல்லை, மூளியலங்காரிக்கும் உரிமை இல்லை. பிறந்த வீட்டில் பாகம் இல்லாதவளும், புகுந்த வீட்டில் பாகம் இல்லாதவளும் ஒரே கதவின் இருபுறமும் நின்றார்கள். நல்லதங்காள் பாகத்துக்குரியவளாக வந்திருந்தால் இரந்து நிற்க வேண்டியிருந்திராது. கொடுமைக்கார அண்ணி என்னும் பாத்திரம் ஒரு சட்டத்தின் விளைவு என்று சொன்னால் அது மிகையாகாது.

இன்று தென்படும் மாற்றங்கள்

நம்பிக்கைக்கு இடமில்லாமல் இல்லை. 1992-இன் 73-ஆவது அரசியலமைப்புத் திருத்தமும் 1994-இன் தமிழ்நாடு ஊராட்சிகள் சட்டமும் ஊராட்சியில் பெண்களுக்கு மூன்றில் ஒரு பங்கு இடம் அளித்தன. 2016-இல் அது பாதியாயிற்று. இங்கும் 'பாதி' என்னும் சொல்லே வருகிறது. தலைவியின் நாற்காலியில் கணவர் அமர்ந்த ஊர்கள் உண்டு என்பதும் உண்மை. ஐந்தாண்டில் தாமே கணக்கைப் பார்க்கக் கற்றுக்கொண்ட தலைவியர் உண்டு என்பதும் உண்மை.

1989-இல் தருமபுரியில் தொடங்கிய மகளிர் சுயஉதவிக் குழுக்கள் பின்னர் தமிழகம் முழுதும் பரவின. சிறுகச் சிறுகச் சேர்த்து, கணக்கு எழுதி, கடன் கொடுத்துத் திரும்பப் பெறும் அப்பெண்களைக் காணும்போது அம்மணி அம்மாளின் வழித்தோன்றல்கள் இவர்களே என்று எனக்குத் தோன்றும். வேறுபாடு ஒன்றுதான்: இவர்களிடம் கணக்கேடு இருக்கிறது, ஆகவே அற்புதக் கதை தேவைப்படாது. 2023 செப்டம்பர் 15-இல் தமிழக அரசு தொடங்கிய மாதம் 1000 ரூபாய்த் திட்டத்திற்கு 'மகளிர் உரிமைத் தொகை' என்று பெயரிட்டது. தொகை சிறிதாயினும் 'உதவி' என்னாமல் 'உரிமை' என்ற சொல்லை நாம் கவனிக்க வேண்டும். 2025 ஏப்ரல் முதல் 10 இலட்சம் ரூபாய் வரை மதிப்புள்ள சொத்தைப் பெண்கள் பெயரில் பதிந்தால் பதிவுக் கட்டணத்தில் ஒரு விழுக்காடு குறைக்கப்பட்டது. சலுகைக்காகவேனும் பத்திரத்தில் பெண்ணின் பெயர் ஏறுமானால், நாளைய வரலாற்றாசிரியருக்கு அது கல்வெட்டுக்கு நிகரான சான்றாகும்.

நம் கடமை

கவிஞர்கள் நிறைந்த இவ்வட்டத்தின் முன் மூன்று பணிகளை வைக்கிறேன்.

முதலாவது, நம் ஊர்ப்புறத்து முதியவர்களிடம் எஞ்சியுள்ள ஒப்பாரியையும் தாலாட்டையும், பாடுபவரின் இசைவு பெற்று, அவர் பெயரோடும் ஊரோடும் எழுதி வைத்தல். 'நாட்டார் பாடல்' என்று பொதுப்பெயரிட்டுப் பாடியவளின் பெயரை விட்டுவிடுவது, அம்மணி அம்மாளின் கணக்கை இழந்ததற்கு ஒப்பான இழப்பு.

இரண்டாவது, நம் வீடுகளில் உள்ள பழைய பத்திரங்களை எடுத்துப் படித்தல். எந்தப் பாட்டி எந்த ஆண்டில் எதை விட்டுக்கொடுத்துக் கைநாட்டு வைத்தாள் என்பது நம் குடும்ப வரலாறு. அத்தகைய பல வீடுகளின் தாள்கள் சேர்ந்தால் நம் மாவட்டத்தின் வரலாறு. ஆராய்ச்சிக்கு வெளிநாட்டு நூலகம் போக வேண்டியதில்லை. பரணில் ஏறினால் போதும்.

மூன்றாவது, எழுதுவோருக்கு. பெண்ணை விளக்கு என்றும் நதி என்றும் தெய்வம் என்றும் பாடியது போதும் என்று சொல்ல மாட்டேன். அவை அழகிய பாடல்கள். அவற்றோடு, அவள் பெயரில் எத்தனை சென்ட் நிலம் இருக்கிறது என்று கேட்கும் கவிதையும் வேண்டும். பெண்ணின் பெருமையைப் பாடும் கவிஞர் தம் தங்கையிடம் விடுதலைப் பத்திரத்தில் கையெழுத்து வாங்கியிருந்தால், அக்கவிதையை எப்படி வாசிப்பது என்பதைக் கவிஞரே சொல்ல வேண்டும்.

அண்ணாமலையார் தம் இடப்பாகத்தை அளித்தபோது எதையும் இழக்கவில்லை. உமையொருபாகன் என்னும் பெயரைப் பெற்றார். தங்கையின் பாகத்தைத் தங்கைக்கே அளிக்கும் தமையனும் எதையும் இழப்பதில்லை. அது முன்பே அவளுடையது.